காண்டிராக்டருக்கு எதுக்குங்க சங்கம்?

போன செமஸ்டர் லீவில் ஒரு அரசுப் பள்ளிக் கட்டட சைட்டில் நாலு வாரம் இன்டர்ன்ஷிப். முதல் தளத்துக்கு சென்டரிங் அடித்து முடித்து, கம்பி கட்ட ஆள் தயாராக நிற்கிறார்கள். கம்பி லாரியைத்தான் காணோம். காண்டிராக்டர் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அருகில் போய் நின்றதும், "தம்பி, நான் டெண்டர் போட்டப்போ கம்பி ஒரு ரேட்டு. இன்னைக்கு வேற ரேட்டு. இந்த வித்தியாசத்தை எவன் தருவான் சொல்லு?" என்றார்.

"டிப்பார்ட்மென்ட்ல கேக்கலாமே சார்?" என்றேன், புத்தகத்தை மட்டும் படித்தவன் கேட்கிற மாதிரி.

சிரித்துவிட்டார். "நான் ஒருத்தன் போய் கேட்டா, அடுத்த பில்லு எப்போ பாஸ் ஆகும்னு எனக்கே தெரியாது. கேக்க வேண்டியது சங்கம். நாளைக்குக் கூட்டம் இருக்கு, போறேன்."

அதுவரை 'சங்கம்' என்றால் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது சால்வை, மேடை, குரூப் போட்டோ, இவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தது, இந்தக் கட்டுரையில் வந்து நிற்கிறது. நீங்கள் சிவில் என்றால் இது உங்கள் தொழிலின் கதை. வேறு டிப்பார்ட்மென்ட் என்றாலும் படியுங்கள். வீடு கட்ட சிமென்ட் வாங்காத குடும்பம் எது?

முதலில், காண்டிராக்டர் என்பவர் யார்?

இரண்டு பேரை நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். நிலத்தை வாங்கி, அபார்ட்மென்ட் கட்டி, ஃப்ளாட் ஃப்ளாட்டாக விற்பவர் புரமோட்டர். அவர் தன் பொருளைத் தானே விலை வைத்து விற்கிறார். காண்டிராக்டர் அப்படி இல்லை. அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் போட்ட டிசைனை, முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விலைக்குக் கட்டிக் கொடுப்பவர். ரோடு, பாலம், கால்வாய், பள்ளி, ஆஸ்பத்திரி என்று நாம் பார்க்கிற பொது வேலைகள் பெரும்பாலும் இவர் கையால் நடப்பவை.

இதில் ஒரு வித்தியாசமான நிலைமை இருக்கிறது, கவனியுங்கள். மற்ற தொழிலில் பொருளைச் செய்த பிறகு விலை சொல்வார்கள். இங்கே விலையைச் சொன்ன பிறகுதான் பொருளையே செய்ய ஆரம்பிக்கிறார்கள். இன்றைக்கு டெண்டரில் எழுதுகிற ரேட்டுக்கு, இரண்டு வருஷம் கழித்தும் வேலை செய்தாக வேண்டும். நடுவில் கம்பி ஏறலாம், டீசல் ஏறலாம், மணல் கிடைக்காமல் போகலாம், மழை மூன்று மாதம் அடிக்கலாம்.

இன்னொன்று, எதிர்த்தரப்பு யார் என்பது. அரசு வேலை என்றால் வாடிக்கையாளர் அரசு. ஒப்பந்தத்தை எழுதுவது அரசு. வேலையை அளந்து எம்-புக்கில் ஏற்றுவது அரசுப் பொறியாளர். பணம் தருவது அரசு. லேட் ஆனால் அபராதம் போடுவதும் அரசு. ரொம்ப காலம், தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் நடுவரை நியமிப்பதும் அரசுத் தரப்புதான் என்று ஒப்பந்தங்களில் எழுதியிருந்தது. கிரிக்கெட்டில் பவுலரே அம்பயராகவும் நின்றால் எப்படி இருக்கும்? பேட்ஸ்மேன் தனி ஆளாகப் போய் சண்டை போட முடியாது, இல்லையா? அங்கேதான் சங்கம் வருகிறது.

1941இல் தொடங்கிய கதை

நம் நாட்டில் காண்டிராக்டர்களுக்கான தேசிய அமைப்புகளில் பழையது, பெரியது பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. தமிழில் அகில இந்திய கட்டுநர் சங்கம் என்று செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். சுருக்கமாக பி.ஏ.ஐ. தொடங்கிய வருஷம் 1941. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சுதந்திரத்துக்கே இன்னும் ஆறு வருஷம் இருந்தது. இப்போது தலைமையகம் மும்பையில். சங்கம் சொல்லும் கணக்குப்படி நாடு முழுக்க 200க்கும் மேற்பட்ட மையங்கள், சுமார் 20,000 நேரடி உறுப்பினர்கள். சென்னையில் இருப்பது தென்னக மையம். ஆசிய, மேற்கு பசிபிக் நாடுகளின் ஒப்பந்ததாரர் சங்கங்கள் 1956இல் மணிலாவில் சேர்ந்து உருவாக்கிய கூட்டமைப்பிலும் பி.ஏ.ஐ. உறுப்பு.

புரமோட்டர்களுக்குத் தனியாக கிரெடாய் இருக்கிறது, 1999இல் வந்தது. நெடுஞ்சாலை வேலை எடுப்பவர்களுக்கும் தனி அமைப்பு உண்டு. பி.ஏ.ஐ.யில் காண்டிராக்டர், புரமோட்டர் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளலாம். இந்தச் சங்கம் யாருக்கும் லைசென்ஸ் தருவதில்லை. இதில் சேராமலே நீங்கள் காண்டிராக்டர் ஆகலாம். அரசு வேலைக்கு டெண்டர் போட, பொதுப்பணித் துறை மாதிரியான துறைகளில் வகுப்பு வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். அது துறையின் வேலை. அப்படியானால் சங்கத்துக்கு என்ன வேலை? மூன்று உதாரணம் பார்ப்போம்: ஒப்பந்தம், வரி, சிமென்ட்.

உதாரணம் 1: ஒப்பந்தத்தில் ஒரு வரி

அந்தப் பள்ளிக் கட்டட காண்டிராக்டரின் கால்குலேட்டருக்கே திரும்பிப் போவோம். எண்கள் என் கற்பனை, கணக்கு நிஜம்.

வேலையின் மதிப்பு 5 கோடி என்று வைப்போம். அதில் கம்பியின் பங்கு 20 சதவீதம், அதாவது 1 கோடி. காண்டிராக்டர் எதிர்பார்க்கும் லாபம் 10 சதவீதம், 50 லட்சம். டெண்டர் போட்ட பிறகு கம்பி விலை 25 சதவீதம் ஏறிவிட்டது. கூடுதல் செலவு 25 லட்சம். ஒரே ஒரு பொருளின் விலை ஏறியதில் லாபத்தில் பாதி போயிற்று. சிமென்ட்டும் கூலியும் சேர்ந்து ஏறினால்? மீதிப் பாதியும் போய், கையிலிருந்து போட வேண்டிவரும். கையில் இல்லாதவர் என்ன செய்வார்? வேலையைப் பாதியில் விடுவார், இல்லையென்றால் கான்கிரீட்டில் கை வைப்பார். இரண்டிலும் நஷ்டப்படப் போவது அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள்.

இதற்கான மருந்து ஒப்பந்தத்திலேயே இருக்க முடியும். விலை மாற்றப் பிரிவு என்று பெயர். மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்தப் பொது நிபந்தனைகளில் 10சி.ஏ., 10சி.சி. என்று பிரிவுகள் இருக்கின்றன. சிமென்ட், கம்பி மாதிரி குறிப்பிட்ட பொருட்களின் விலை மாற்றத்துக்கு முதலாவது. நீண்ட கால வேலைகளில் மற்ற பொருட்கள், கூலி ஆகியவற்றுக்கு இரண்டாவது. எளிமையாகச் சொன்னால் சூத்திரம் இப்படி வேலை செய்கிறது: டெண்டர் நாளில் கம்பியின் விலைக் குறியீடு 100 என்றால், வேலை நடக்கிற காலத்தில் அது 125 ஆனால், கம்பியின் பங்கான 1 கோடிக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். குறியீடு 90க்கு இறங்கினால் காண்டிராக்டர் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் வெட்டும். அதனால்தான் அது நியாயம்.

இங்கே முக்கியம், காண்டிராக்டர் காட்டுகிற பில்லை வைத்து இந்தக் கணக்கு போடப்படுவதில்லை என்பது. வெளியிடப்படுகிற குறியீட்டை வைத்துத்தான். ஆகவே பொய் பில்லுக்கு இடம் குறைவு.

சரி, எல்லா ஒப்பந்தத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறதா? இல்லை. குறுகிய கால வேலைகளில் பெரும்பாலும் இருக்காது. மாநிலத்துக்கு மாநிலம், துறைக்குத் துறை விதி மாறும். நான் பார்த்த பள்ளிக் கட்டட ஒப்பந்தத்தில் இல்லை. டெண்டர் படிவத்தில் ஒரு தனி காண்டிராக்டர் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. நிபந்தனை போட்டு டெண்டர் கொடுத்தால் அதைத் தள்ளிவிடுவார்கள். படிவத்தையே மாற்றச் சொல்லிக் கேட்க ஒரு அமைப்பால்தான் முடியும். 'எனக்குக் கூடுதலாகக் கொடு' என்பது சலுகை கேட்பது. 'எல்லோருக்கும் இந்த விதியை எழுது' என்பது கொள்கை கேட்பது. சங்கத்தின் பாதி வேலை, முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதுதான்.

கொரோனா காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஊரடங்கில் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சைட் எல்லாம் நின்றது. ஒவ்வொரு காண்டிராக்டரும் தனித்தனியாகக் காலநீட்டிப்பு கேட்டு மனு போட்டு, அது ஏ.இ., இ.இ. என்று மேஜை மேஜையாக ஏறி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020 மே மாதம் மத்திய நிதி அமைச்சகம் பொதுவாகவே, அபராதம் இல்லாமல் 3 முதல் 6 மாதம் வரை காலநீட்டிப்பு கொடுக்கலாம் என்று அறிவித்தது. அதே வருஷம் நவம்பரில், வேலைக்கு ஈடாகக் காண்டிராக்டர் கட்டும் செயல்திறன் உத்தரவாதத் தொகையை 3 சதவீதமாகக் குறைத்தது. ஒரு தொழில் முழுக்கவே மாட்டிக்கொண்டால் அதற்குப் பொது உத்தரவுதான் தீர்வு. பொது உத்தரவு வேண்டும் என்றால் பொதுக் குரல் வேண்டும்.

நடுவர் விஷயத்தில் இழுபறி இன்னும் நடக்கிறது. 2024 ஜூனில் மத்திய அரசு, உள்நாட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் 10 கோடிக்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும் நடுவர் தீர்ப்பாயம் போதும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைவிடப் பெரிய தொகை என்றால் நீதிமன்றத்துக்கோ சமரசத்துக்கோ போக வேண்டும். அதே வருஷம் நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, அரசும் தனியாரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே தனக்கு இஷ்டமான ஒற்றை நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொன்னது. பவுலர் அம்பயராக நிற்கக் கூடாது என்று அரசியல் சாசன அமர்வு சொல்ல 2024 ஆகியிருக்கிறது பாருங்கள்.

உதாரணம் 2: சட்டை தைத்தால் அது துணி விற்பனையா?

வரி என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இதில் நம் ஊர் பெயரும் வருகிறது.

ஒரு தையல்காரர் தானே துணி போட்டு உங்களுக்குச் சட்டை தைத்துத் தருகிறார். 1,000 ரூபாய் வாங்குகிறார். இது துணி விற்பனையா, தையல் கூலியா? கட்டடத்துக்கும் இதே கேள்விதான். காண்டிராக்டர் செங்கல், சிமென்ட், கம்பி எல்லாவற்றையும் சுவராக மாற்றித் தருகிறார். அவர் சிமென்ட்டை 'விற்றார்' என்று சொல்லி மாநில அரசு விற்பனை வரி போடலாமா?

சென்னை மாகாண விற்பனை வரிச் சட்டத்தை வைத்து கேனன் டங்கர்லி என்ற கட்டுமானக் கம்பெனிக்கும் சென்னை அரசுக்கும் இடையே நடந்த வழக்கில், 1958இல் உச்ச நீதிமன்றம் 'கூடாது' என்றது. கட்டட ஒப்பந்தம் என்பது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம். அதற்குள் தனியாக ஒரு பொருள் விற்பனை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்தியா முழுக்க காண்டிராக்டர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

மாநிலங்களுக்கு வருமானம் போயிற்றே, சும்மா இருக்குமா? 1982இல் அரசியல் சாசனத்தின் 46வது திருத்தம் வந்தது. ஒப்பந்த வேலையில் பயன்படுத்தப்படும் பொருட்களை விற்பனையாகக் கருதி வரி போடலாம் என்று அதில் எழுதினார்கள். மாநிலங்கள் ஆளுக்கு ஒரு விதமாக வரி போட ஆரம்பித்தன.

பி.ஏ.ஐ.யும் மற்ற காண்டிராக்டர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1989இல் வந்த தீர்ப்பின் பெயரே 'பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா எதிர் இந்திய ஒன்றியம்'. சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், வரிச் சட்டப் பாடத்தில் இந்தப் பெயர் வராமல் இருக்காது.

தீர்ப்பில் சங்கம் ஜெயித்ததா? பாதி தோல்வி, பாதி வெற்றி. 46வது திருத்தம் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், மாநிலங்கள் நினைத்தபடி வரி போட முடியாது. மற்ற பொருள் விற்பனைக்கு என்ன அரசியல் சாசனக் கட்டுப்பாடுகள் உண்டோ, அதே கட்டுப்பாடுகள் இதற்கும் உண்டு என்றும் சொன்னது. அதாவது வேறு மாநிலத்திலிருந்து வரும் சரக்கு, இறக்குமதிச் சரக்கு ஆகியவற்றுக்கு இருந்த பாதுகாப்பும், இரும்பு மாதிரியான அறிவிக்கப்பட்ட பொருட்களுக்கு இருந்த வரி உச்சவரம்பும் காண்டிராக்டருக்கும் கிடைத்தன. அதைத் தொடர்ந்து 1992இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வரி பொருளின் மதிப்புக்கு மட்டும்தான், கூலிப் பகுதியைக் கழித்துவிட வேண்டும் என்று தெளிவாக்கியது.

மாவட்டத் தலைநகரில் இரண்டு கலவை மெஷின் வைத்திருக்கும் ஒரு சின்ன காண்டிராக்டர், அரசியல் சாசனத் திருத்தத்தை எதிர்த்து டெல்லியில் வழக்கு நடத்த முடியுமா? வக்கீல் ஃபீஸுக்கே வேலை விற்க வேண்டிவரும். ஆனால் அந்தத் தீர்ப்பின் பலன் அவருக்கும் வந்தது, அவர் சங்கத்தில் சந்தா கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கட்டட ஒப்பந்தத்தைச் 'சேவை' என்று வகைப்படுத்தி இந்தப் பழைய சண்டையை முடித்துவைத்தார்கள். புதுச் சண்டை வரி விகிதத்தில் வந்தது. அரசு வேலைகள் பலவற்றுக்கு இருந்த 12 சதவீதம் 2022 ஜூலையில் 18 ஆனது. 12 சதவீதக் கணக்கில் டெண்டர் போட்டு, பாதி வேலை முடித்தவர் என்ன செய்வார்? வித்தியாசத்தை யார் தாங்குவது என்பது மறுபடியும் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரியில் போய் நிற்கிறது. சிமென்ட்டுக்கு 2017 முதல் இருந்த 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆகக் குறைந்தது.

உதாரணம் 3: சிமென்ட் மூட்டை

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்தக் கதை.

2010இல் பி.ஏ.ஐ. இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தது. போட்டிச் சட்டம் 2002இல் வந்திருந்தாலும், கூட்டுக் கொள்ளையைத் தடுக்கும் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே மாதத்தில்தான். சட்டத்தின் மை காயும் முன்பே புகார். யார் மேல்? நாட்டின் பெரிய சிமென்ட் கம்பெனிகள் மேலும், அவற்றின் சங்கமான சிமென்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் மேலும். எல்லோரும் கூடிப் பேசி, உற்பத்தியைக் குறைத்து, விலையை ஏற்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

2012 ஜூனில் ஆணையம் குற்றச்சாட்டை ஏற்றது. மொத்த அபராதம் 6,300 கோடி ரூபாய்க்கு மேல். பட்டியலில் ஏ.சி.சி., அம்புஜா, அல்ட்ராடெக் மாதிரி பெரிய பெயர்களோடு, தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்தியா சிமென்ட்ஸ், மெட்ராஸ் சிமென்ட்ஸ் பெயர்களும் இருந்தன. கம்பெனிகள் மறுத்தன, மேல்முறையீடு செய்தன. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. காரணம் விலைக் கணக்கு இல்லை. வாதங்களை நேரில் கேட்காத ஆணையத் தலைவர் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார், அது இயற்கை நீதிக்கு விரோதம் என்றது. மறுபடி விசாரணை. 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடியும் அபராதம் போட்டது, இந்த முறை சுமார் 6,700 கோடி. 2018 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கம்பெனிகளின் மேல்முறையீட்டை ஏற்று, இடைக்காலமாக 10 சதவீதத்தைக் கட்டச் சொன்னது.

இந்தக் கதையை இன்னொரு தடவை மெதுவாகப் பாருங்கள். புகார் கொடுத்தது ஒரு சங்கம். குற்றம் சாட்டப்பட்டதும் ஒரு சங்கம்!

ஒருவர் மேல் ஒருவர் கூடுதலாக விலை கேட்டார்கள் என்பதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆணையத்தின் கையில் சிக்கவில்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டை யாரும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதனால் ஆணையம் சூழ்நிலைச் சான்றுகளை வைத்துத்தான் போனது. கம்பெனிகளின் விலை ஒன்றாகவே ஏறி இறங்கியது, ஆலையின் திறன் இருந்தும் உற்பத்தி குறைவாக இருந்தது, சங்கத்தின் கூட்டங்களும் அதன் வழியாக விலை, உற்பத்தித் தகவல்கள் கைமாறியதும் அதற்கு வழி செய்தன என்பது அதன் வாதம்.

யோசித்துப் பாருங்கள், ஒரு தனி காண்டிராக்டர் சிமென்ட் கம்பெனி மேல் புகார் கொடுத்திருந்தால்? மறுநாள் அவர் சைட்டுக்கு லோடு வருமா? புகாரில் அவர் பெயர் இல்லாமல் சங்கத்தின் பெயர் இருந்ததுதான் அவருக்குப் பாதுகாப்பு. சிமென்ட் விலைக்கு ஒரு ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்று பி.ஏ.ஐ. தொடர்ந்து கேட்பதும் இதன் தொடர்ச்சிதான்.

கோடு எங்கே இருக்கிறது?

அப்படியானால் காண்டிராக்டர் சங்கம் நல்லது, சிமென்ட் சங்கம் கெட்டது என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபம் இல்லை.

டெண்டர் அறிவிப்பு வந்ததும் நாலு காண்டிராக்டர்கள் டீக்கடையில் கூடி, 'இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு. நீ இந்த ரேட்டு போடு, நாங்க அதுக்கு மேல போடுறோம்' என்று பேசிக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? நம் ஊரில் 'சிண்டிகேட்' என்பார்கள். சிமென்ட் கம்பெனிகள் மேல் புகார் கொடுக்க உதவிய அதே போட்டிச் சட்டம், டெண்டர் சிண்டிகேட்டையும் குற்றம் என்கிறது. அதே பிரிவில், அடுத்த வரியில்.

ஒரே ஊரில், ஒரே தொழில் செய்பவர்கள், ஒரே ஹாலில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பேசுவது எது என்பதுதான் எல்லாம். 'விலை மாற்றப் பிரிவை எல்லா ஒப்பந்தத்திலும் சேர்க்கச் சொல்லி அமைச்சரிடம் மனு கொடுப்போம்' என்றால் அது பிரதிநிதித்துவம். 'நாளைக்கு டெண்டரில் யார் என்ன ரேட் போடுவது' என்றால் அது சதி. ஹால் அதே ஹால், டீ அதே டீ.

எனக்குத் தோன்றிய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். அந்தப் பேச்சை மைக்கில், பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேச முடியுமா? விதியை மாற்றக் கேட்பது என்றால் தாராளமாக முடியும். சொல்லப்போனால் பத்திரிகை வந்தால்தான் நல்லது. ரேட்டைப் பேசுவது என்றால் கதவைச் சாத்த வேண்டிவரும்.

சங்கத்துக்குள்ளே எல்லோரும் ஒன்றா?

அதுவும் இல்லை. ஆயிரம் கோடிக்கு மெட்ரோ வேலை எடுப்பவரும், ஐந்து கோடிக்குப் பள்ளி கட்டுபவரும் ஒரே சங்கத்தில் இருக்கலாம். டெண்டரில் கலந்துகொள்ள 'இவ்வளவு ஆண்டு வரவு இருக்க வேண்டும், இதே மாதிரி வேலை இந்த மதிப்பில் முடித்திருக்க வேண்டும்' என்ற தகுதி விதியை உயர்த்தினால் பெரியவருக்கு லாபம். குறைத்தால் சின்னவருக்கு வாய்ப்பு. சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்து ஒரே பெரிய பேக்கேஜாக டெண்டர் விடுவதும் அப்படித்தான். எந்தப் பக்கம் சங்கம் பேசும்? மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்தது. மாவட்ட அளவில் தனித்தனி காண்டிராக்டர் சங்கங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, சைட்டில் சாரத்தின் மேல் நிற்பவர். காண்டிராக்டர் சங்கம் என்பது முதலாளிகள் சங்கம். கம்பி கட்டுபவர், சித்தாள், மேஸ்திரி இவர்களுக்காக அது பேசும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்குத் தொழிற்சங்கங்களும் நல வாரியமும் இருக்கின்றன. கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் சட்டம் 1996இல் வந்தபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்களும் காண்டிராக்டர்கள்தான். 2011இல் நீதிமன்றம் அந்த வசூல் செல்லும் என்று சொல்லிவிட்டது. காண்டிராக்டருக்கு டிப்பார்ட்மென்ட் முன்னால் குரல் இல்லை என்றால், அந்தக் காண்டிராக்டர் முன்னால் சித்தாளுக்கு எவ்வளவு குரல் இருக்கும்? சங்கத்தின் மதிப்பைப் பேசும்போது இந்தப் படிக்கட்டையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன வந்தது?

நம் கிளாஸில் ஆர்.சி.சி. டிசைன் படிக்கிறோம், எஸ்டிமேஷன் படிக்கிறோம். ஒப்பந்தத்துக்கும் ஒரு பேப்பர் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் 'டைப்ஸ் ஆஃப் காண்டிராக்ட்' என்று ஆறு தலைப்பை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் பாஸ் ஆகி வெளியே போனதும் நாம் நிற்கப் போவது மேஜையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான். சிலர் காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியர். சிலர் டி.என்.பி.எஸ்.சி. எழுதி ஏ.இ. இரண்டு பக்கமும் ஒரே பேட்ச்.

அதனால் மூன்று சின்ன வேலை செய்து பாருங்கள். அடுத்த இன்டர்ன்ஷிப்பில் டிராயிங் மட்டும் கேட்காமல், ஒப்பந்தப் பிரதியையும் கேளுங்கள். அதில் விலை மாற்றப் பிரிவு இருக்கிறதா, காலநீட்டிப்புக்கு என்ன எழுதியிருக்கிறது, தகராறு வந்தால் யாரிடம் போவது என்று தேடுங்கள். உங்கள் ஊர் சங்க மையத்தில் மாணவர்களுக்குப் பேச ஆள் இருப்பார்களா என்று டிப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மூலமாகக் கேளுங்கள். நீங்கள் நாளைக்கு ஏ.இ. ஆனால், பில்லோடு உங்கள் மேஜை முன்னால் நிற்பவர் ஏன் ஒரு வாரத் தாமதத்துக்கே பதறுகிறார் என்று அந்தக் கால்குலேட்டர் கணக்கை ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்கள்.

இன்டர்ன்ஷிப் கடைசி நாள், "சங்கக் கூட்டத்துல என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

"தீர்மானம் போட்டிருக்கோம் தம்பி. இந்த வேலைக்கு ஒண்ணும் கிடைக்காது, இது போனது போனதுதான். அடுத்த டெண்டர் எடுக்கிறவனுக்காவது கிடைக்குதான்னு பாப்போம்" என்றார். பிறகு போனை எடுத்து கம்பிக் கடைக்கு அடித்தார். "அண்ணே, லோடு கிளம்பிருச்சா?"

அன்றைக்குச் சாயங்காலம் லோடு வந்தது, புது ரேட்டில்.